சான்றும் சாட்சியும்: மேற்கோள் காட்டுவோர்க்கு எசூர் வேதம் கற்பிக்கும் பாடம்

திருப்பணியாளர் கையாளும் பொருள்களுள் மேற்கோளைப் போல் எளிதில் கிடைப்பது பிறிதில்லை. மேற்கோளைப் போல் எளிதில் கெடுவதும் பிறிதில்லை. அருளுரை, வேதபாடக் கூட்டம், சிறு பிரசுரம், இறையியல் பட்டத்திற்கென எழுதும் ஆய்வேடு ஆகிய யாவற்றிலும் “இன்ன நூலில் இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எழுதப்பட்டது என்பதும் அச்சிடப்பட்டது என்பதும் மெய்யென்பதற்குப் போதிய ஆதாரமாகுமா? இக்கேள்வியை நம் நாட்டில், நம் அண்டையில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நெய்வேலியில் ஒரு மாலை

பிறர் குறையைப் பேசுமுன் நம் குறையைச் சொல்லுவது முறை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நெய்வேலி நகரியத்தின் ஒரு வட்டத்தில், சபையார் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் நாம் பேசினோம். அண்டை வீட்டாரான இந்து அன்பர் சிலரும் வந்திருந்தனர். அவர்கள் உள்ளத்தைத் தொடவேண்டும் என்னும் ஆவலால், பவிசிய புராணத்திலேயே இயேசுவைப் பற்றிய முன்னறிவிப்பு இருக்கிறது என்று எடுத்துரைத்தோம். அப்புராணத்தை நாம் கண்ணால் கண்டதில்லை. எப்போதோ வாங்கிய சிறு பிரசுரம் ஒன்றிலிருந்த பகுதியையே மனப்பாடமாக ஒப்புவித்தோம்.

கூட்டம் முடிந்தபின் ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். பழுப்பு நிலக்கரி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். “ஐயா, தாங்கள் சொன்ன பகுதி அந்தப் புராணத்தில் எந்தப் பருவத்தில் வருகிறது? யார் பதிப்பித்தது?” என்று பணிவோடு கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அவர் கோபிக்கவில்லை. “எங்கள் தொழிலில் பூமியைத் துளையிட்டு மண்மாதிரி எடுப்போம். எந்தத் துளை, எத்தனை அடி ஆழம் என்று பெட்டியின்மேல் எழுதியிருக்க வேண்டும். எழுதாத மாதிரி எவ்வளவு நல்ல கரியாக இருந்தாலும் கணக்கில் சேராது. தங்கள் மேற்கோளில் ஆழம் எழுதவில்லையே, ஐயா” என்றார்.

அவ்வுவமை அவ்வூர்க்கே உரியது. நெய்வேலியில் நிலக்கரி கண்ட வரலாற்றைச் சொல்லுவோர், 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்ட செய்தியிலிருந்து தொடங்குவர். செய்தி சுவையானதே. எனினும் அச்செய்தியை மட்டும் நம்பி எவரும் சுரங்கம் வெட்டவில்லை. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் துளையிட்டுப் பார்த்து, படிவத்தின் பரப்பையும் கனத்தையும் அளந்தனர். அதன் பின்னரே 1956ஆம் ஆண்டு நிறுவனம் அமைந்தது. 1957ஆம் ஆண்டு சுரங்கப்பணி தொடங்கிற்று. கிணற்றுச் செய்தி தேடத் தூண்டிற்று, துளைமாதிரியே சான்றாயிற்று. தூண்டுதலையும் சான்றையும் வேறு பிரித்தறியும் இவ்வொழுங்கு கரிக்கு வேண்டுமெனில், நற்செய்திப் பணிக்கு வேண்டாவோ?

2. எசூர் வேதம்

நெய்வேலியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்றடையக்கூடிய புதுச்சேரியோடு தொடர்புடையது நாம் ஆராய எடுத்துக்கொண்ட நூல். ‘எசூர் வேதம்’ என்பது அதன் பெயர். யசுர் வேதத்தை நினைவூட்டும் இப்பெயர் கொண்ட நூல் பிரெஞ்சு மொழியில் ஐரோப்பாவில் உலவிற்று. வியாசருக்கும் சுமந்துவுக்கும் நிகழும் உரையாடலாக அது அமைந்துள்ளது. வியாசர் புராணக் கதைகளையும் பல தெய்வ வழிபாட்டையும் எடுத்துரைக்க, சுமந்து அவற்றை மறுத்து, கடவுள் ஒருவரே எனக் கற்பிக்கிறார்.

இந்நூலின் கையெழுத்துப் படி ஒன்றை இந்தியாவிலிருந்து திரும்பிய மொதாவ் என்னும் பிரெஞ்சுப் பிரபு 1760ஆம் ஆண்டு அறிஞர் வால்டேரிடம் அளித்தார். வால்டேர் பெருமகிழ்ச்சி கொண்டார். 1761இல் அதனைப் பாரிசிலிருந்த அரசரின் நூலகத்தில் சேர்ப்பித்தார். மாவீரன் அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருமுன்னரே எழுதப்பட்ட பழம்பெரும் நூல் என்று தம் எழுத்துகளில் போற்றினார். அவர் மகிழ்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. ஒரே கடவுள் என்னும் கொள்கையை உலகம் பெற வேதாகமமும் திருச்சபையும் தேவையில்லை, அது இந்தியாவில் முன்னரே இருந்தது என்று காட்ட அவர் விரும்பினார். விரும்பியதை அந்நூல் சொல்லிற்று. ஆகவே அவர் அதனை வினாவவில்லை.

1778ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்திலுள்ள இவர்டோன் நகரில் இந்நூல் அச்சேறிற்று. மறு ஆண்டே ஜெர்மன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அச்சேறிய நூல் பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் பெற்று, ஆய்வு நூலின் தோற்றம் கொண்டது. ஆயினும் 1782ஆம் ஆண்டிலேயே, இந்தியாவில் பயணம் செய்திருந்த சொனரா என்பவர், இது வேதமன்று, மிஷனெரி ஒருவர் எழுதிய தருக்க நூல் என்று எழுதினார். நேரில் வந்து பார்த்தவர் சொல்லுக்கு இருந்த செல்வாக்கு, நூலகத்தில் அமர்ந்து போற்றியவரின் புகழுக்கு முன் சிறிதாகவே இருந்தது.

உண்மையை நிறுவியவர் நம் தமிழுலகம் நன்கறிந்த எல்லிஸ் துரை. திருக்குறளுக்கு உரை வரைந்தவரும், தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்பதை 1816இல் எடுத்துக்காட்டியவருமான அவர், புதுச்சேரியிலிருந்த மிஷன் இல்லத்தில் எசூர் வேதத்தையும் அதனோடொத்த வேறு கையெழுத்துப் படிகளையும் கண்டு ஆராய்ந்தார். அவற்றுள் சிலவற்றில் ரோம எழுத்தில் எழுதிய சமஸ்கிருதமும் எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சும் இருந்தன. சமஸ்கிருதச் சொற்களை எழுதியிருந்த முறையில் வங்காள நாட்டு உச்சரிப்பின் சாயலை அவர் கண்டார். உண்மை வேதங்களின் அமைப்போடு ஒப்பிட்டு, இவை வேதங்களைப் பின்பற்றிப் பிற்காலத்தே செய்யப்பட்டவை எனத் தெளிந்தார். 1819இல் அவர் மறைந்தபின், 1822இல் ஆசியச் சங்கத்தின் ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் அவர் கட்டுரை வெளியாயிற்று. வால்டேர் கையில் கிடைத்த நாளிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இவ்வரலாற்றில் நம்மை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. 1730களில் தென்னிந்தியாவிலிருந்த இயேசு சபைக் குருமார் உண்மையான வேதச் சுவடிகளையே தேடிப் பெற்று அதே அரச நூலகத்துக்கு அனுப்பியிருந்தனர். அவற்றைப் படிக்க வல்லார் அன்று பாரிசில் இல்லை. மெய்யான வேதம் ஓலையில் கட்டுண்டு கிடக்க, வேதமல்லாதது பிரெஞ்சில் எளிதாய்ப் படிக்கக் கிடைத்ததால் மேற்கோள் ஆயிற்று. படிக்க எளிது என்பதற்காக ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அன்றோடு முடிந்துவிடவில்லை. இன்று நமக்குச் செல்பேசியில் வந்து சேரும் செய்திகளை நாம் ஏற்பதும் இதே காரணத்தாலன்றோ?

3. இரண்டாம் பிழை

எசூர் வேதம் வேதமன்று என்று தெளிந்தபின்னும் பிழை ஓயவில்லை. “அப்படியாயின் எழுதியவர் யார்?” என்னும் கேள்வி எழுந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சொன்னதைக் கேட்ட எல்லிஸ், மதுரை மிஷனைச் சார்ந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியே ஆசிரியராயிருக்கக்கூடும் என்னும் கருத்துக்கு இடங்கொடுத்தார். அதன் பின் வந்த பலர் ‘கூடும்’ என்பதைக் கைவிட்டு, நொபிலி பொய்வேதம் புனைந்தவர் என்றே எழுதினர். நூலுக்குப் பின் நூலாக அப்பழி படியெடுக்கப்பட்டது.

நொபிலியோ 1656ஆம் ஆண்டிலேயே மயிலாப்பூரில் காலஞ்சென்றவர், இத்தாலி நாட்டவர், அவருடைய பெரும் படைப்புகள் தமிழில் உள்ளன. எசூர் வேதமோ பிரெஞ்சு நூல். பெனிசில்வேனியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூடோ ரோஷே 1984ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான பதிப்பில், இந்நூல் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபையார் நடுவே, பிரெஞ்சு மொழியிலேயே முதலில் எழுந்தது என எடுத்துக்காட்டினார். ஆசிரியர் இவர்தாம் என ஒருவரைச் சுட்ட அவர் துணியவில்லை. 2010இல் ஊர்ஸ் ஆப் என்பார் கல்மெத் என்னும் குருவே ஆசிரியர் என வாதிட்டுள்ளார். உண்மை வேதங்களைப் பாரிசுக்கு அனுப்பும் பணியில் ஈடுபட்டவரும் இதே கல்மெத் ஆவார். ஆசிரியர் யார் என்பதில் அறிஞர் வேறுபடலாம். நொபிலி அல்லர் என்பது இன்று தெளிவு.

இங்கு நாம் நின்று நோக்க வேண்டும். பொய்யை வெளிப்படுத்திய நேர்மையான ஆய்வாளரும், செவிவழிச் செய்தியைத் தொட்டபோது மாண்டவர் ஒருவரின் பெயருக்கு இழுக்கு வரக் காரணமானார். எல்லிஸ் கையெழுத்துப் படிகளைப் பற்றிச் சொன்னது அவர் கண்டு ஒப்பிட்டது. நொபிலியைப் பற்றிச் சொன்னது அவர் கேட்டது. ஒரே கட்டுரையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே “இவ்வாசிரியர் நம்பத்தக்கவரா?” என்று ஒருமுறை கேட்டு அமைதியடைதல் போதாது. “இக்கூற்றை இவர் எவ்வாறு அறிந்தார்?” என்று ஒவ்வொரு கூற்றுக்கும் கேட்க வேண்டும்.

மேலும், இவ்வரலாற்றில் பொய் சொன்னவர் யார் என்று தேடினால் எளிதில் அகப்படமாட்டார். நூலை எழுதியவர் இந்திய மக்களோடு வாதிடுதற்கென உரையாடல் ஒன்றை அமைத்திருக்கலாம். ஐரோப்பாவை ஏமாற்ற எண்ணியதற்குத் திட்டமான சான்றில்லை. கொண்டு சென்றவரும் போற்றியவரும் பதிப்பித்தவரும் தத்தம் நிலையில் நம்பியே செய்திருக்கலாம். எனினும் அனைவருடைய கைகளும் சேர்ந்து ஒரு பொய்யை உருவாக்கின. வஞ்சகம் இல்லாத இடத்திலும் கவனக்குறைவு போதும் என்பதை மேற்கோள் காட்டுவோர் மறத்தலாகாது.

4. பவிசிய புராணப் பகுதி

இனி நாம் நெய்வேலியில் சொன்ன பகுதிக்குத் திரும்புவோம். பெரியவர் கேட்ட கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. தேடியபோது கண்டவை இவை. சாலிவாகன மன்னன் இமயமலைச் சாரலில் வெண்ணிற உடையணிந்த ஒருவரைக் காண்பதும், அவர் தம்மை ஈசனின் மகன் என்றும் கன்னியிடம் பிறந்தவர் என்றும் கூறுவதும் அப்புராணத்தின் பிரதிசர்க்க பருவத்தில் வருகின்றன. 1897ஆம் ஆண்டு பம்பாய் வேங்கடேசுவர அச்சகம் வெளியிட்ட பதிப்பில் அப்பகுதி உள்ளது. ஆகவே பிரசுரம் எழுதியவர் தாமே புனைந்துவிடவில்லை.

ஆனால் அதே பருவத்தில் ஆதாமும் நோவாவும் வருகின்றனர், முகம்மது நபியைப் பற்றிய கதை வருகிறது, அக்பர் வருகிறார், ஆங்கிலேயரும் கல்கத்தாவும் வருகின்றனர். இவை யாவும் நிகழ்ந்தபின் எழுதப்பட்டவையன்றி, நிகழுமுன் அறிவிக்கப்பட்டவை என்று எவ்வாறு கொள்வது? ஜெர்மானிய வடமொழி அறிஞர் ஔஃபிரெக்ட், 1903ஆம் ஆண்டிலேயே இப்பதிப்பை இலக்கிய மோசடி என்று வெளிப்படையாகக் கண்டித்தார். பவிசிய புராணம் என்னும் பெயர் பழையது. அப்பெயரின்கீழ் அச்சில் கிடைக்கும் இப்பகுதி மிகப் பிற்பட்டது. பெயரின் பழமையைப் பகுதிக்கு ஏற்றியதே நம் பிழை.

இதினும் கொடியது ஒன்றுண்டு. இயேசு சிலுவையில் மரிக்கவில்லை, தப்பிப் பிழைத்துக் காசுமீரத்துக்கு வந்து அங்கே வாழ்ந்து மறைந்தார் என்று எழுதுவோரும் இதே இமயமலைக் கதையைத் தங்கட்குச் சான்றாகக் காட்டுகின்றனர். உயிர்த்தெழுதலை அறிவிக்க நாம் கையிலெடுத்த பகுதி, உயிர்த்தெழுதலை மறுப்பார் கையிலும் அப்படியே பயன்படுகிறது. மிஷனெரிமார் எழுதிய எசூர் வேதத்தை வால்டேர் திருச்சபைக்கெதிராகப் பயன்படுத்தினார் என்று மேலே கண்டோம். உறுதியற்ற சான்று யாருக்கும் உரிமையுடையதன்று. எடுத்தவர் கையிலெல்லாம் அவர் விரும்பியதைப் பேசும்.

5. அச்சேறாத நூலும் அச்சேறிய நூலும்

இவற்றைக் கேட்ட மாணவர் சிலர், அப்படியாயின் மிஷனெரிமார் எழுதியவை எதையும் நம்பலாகாது போலும் என்று எண்ணக்கூடும். அது மறுகோடியிலுள்ள பிழை. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் மக்களின் தெய்வங்களைப் பற்றிய தம் நூலை 1713இல் எழுதி முடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தமிழ் நூல்களைக் கற்றும், தமிழரோடு கடிதத் தொடர்பு கொண்டும், கேட்டறிந்தும் தொகுத்த அரிய நூல் அது. அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1867ஆம் ஆண்டுதான் கெர்மான் என்பார் அதனைச் சென்னையில் பதிப்பித்தார். எசூர் வேதம் அச்சேறி உலகைச் சுற்றிவந்த காலமெல்லாம், சீகன்பால்குவின் நூல் கையெழுத்தாகவே இருந்தது. அச்சுக்கும் மெய்க்கும் உள்ள தொடர்பு எத்துணை நொய்யது என்பதற்கு இது போதும்.

இன்னும் ஒன்று. கெர்மான் தம் பதிப்பில் மூலத்தை மாற்றங்களோடு வெளியிட்டார். 1869இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்போ மூலத்தினின்று மேலும் விலகிச் சென்றது. மூலக் கையெழுத்தை அடிப்படையாகக் கொண்ட செம்பதிப்பைத் தானியேல் ஜெயராஜ் 2003ஆம் ஆண்டு ஹாலே நகரில் வெளியிட்டார். ஆகவே இன்று 1869ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு “சீகன்பால்கு இவ்வாறு கூறுகிறார்” என்று எழுதும் மாணவர், சீகன்பால்கு கூறாத ஒன்றை அவர் வாயில் வைக்கும் இடருக்கு ஆளாகிறார். நல்ல சாட்சியின் சொல்லும் பல கை மாறி வருகையில் வேறாகலாம்.

ஹாலேயிலிருந்து 1710 முதல் வெளிவந்த தரங்கம்பாடி அறிக்கைகளையும் இவ்வாறே படித்தல் வேண்டும். அவை நம் திருச்சபை வரலாற்றுக்குப் பெருங்கருவூலம். ஆயினும் அவை காணிக்கை அளித்தோர் படிக்கவெனத் தெரிந்தெடுத்துத் திருத்தி அச்சிடப்பட்டவை. அவற்றில் இருப்பதைப் பயன்படுத்துகையில், எது விடப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் கேட்க வேண்டும்.

6. நாம் கேட்கவேண்டியவை

மேற்கண்ட வரலாறுகளிலிருந்து சில கேள்விகள் தாமே எழுகின்றன. முதலாவது, நாம் மேற்கோள் காட்டும் பகுதியை நாமே கண்டோமா? காணவில்லையெனில், கண்டவர் யாரோ அவர் நூலையே சுட்டி, அவர் வழியாக அறிந்தோம் என்று எழுதுவது கடமை. மூல நூலைச் சுட்டிவிட்டு அடுத்தவர் நூலிலிருந்து படியெடுத்தல் நாம் காணாததற்குச் சாட்சி சொல்லுவதாகும்.

இரண்டாவது, எழுதியவர் அதனை எவ்வாறு அறிந்தார்? கண்டாரா, கேட்டாரா, உய்த்துணர்ந்தாரா? மூன்றாவது, நம் கையிலிருப்பது எந்தப் பதிப்பு, எவருடைய மொழிபெயர்ப்பு? நான்காவது, அப்பகுதியின் முன்னும் பின்னும் என்ன உள்ளது? பிரதிசர்க்க பருவத்தை இரண்டு ஏடு முன்பின் புரட்டியிருந்தால் நமக்கு அவமானம் நேர்ந்திராது. ஐந்தாவது, அறிந்தோர் அதனை ஆராய்ந்து ஏதேனும் சொல்லியிருக்கின்றனரா? ஔஃபிரெக்டின் கண்டனம் நாம் பேசிய நாளைக்கு நூறாண்டு முற்பட்டது.

ஆறாவது கேள்வியை இறுதியில் வைத்தாலும் அதுவே தலையாயது. இக்கூற்று நமக்கு இனிப்பதனால் ஏற்கிறோமா? நமக்கு எதிரான ஒன்றை இதே தரத்துச் சான்றோடு ஒருவர் கொண்டுவந்தால் ஏற்போமா? வால்டேர் தம் வாழ்நாளெல்லாம் பிறருடைய மூடநம்பிக்கையை இடித்துரைத்தவர். அவரே தமக்கு இனித்த நூலை வினாவாமல் ஏற்றார். ஆகவே இக்குறை கல்லாதார்க்கு மட்டும் உரியதன்று.

7. இரு மறுப்புகள்

சபையார் இத்தகைய ஆதாரம் எதையும் கேட்பதில்லையே என்று உடன் ஊழியர் சிலர் கூறுவர். கேட்பதில்லை என்பது உண்மையே. நம்மை நம்புவதால் கேட்பதில்லை. அந்நம்பிக்கையே நம் பொறுப்பைப் பெரிதாக்குகிறது. தம் வீட்டுப் பிள்ளைகள் பொறியியலும் வேதியியலும் கற்கும் ஊர்களில், இன்று கேட்காத தந்தையின் மகன் நாளை கேட்பான். பிரசுரத்திலிருந்த ஒன்று பொய்யெனக் கண்டால், திருமறையிலிருந்து நாம் சொன்னதையும் அவன் அதனோடு சேர்த்தே எண்ணுவான்.

சிற்றூர்களில் பணியாற்றுவோர்க்கு நூலகம் ஏது என்பது மற்றொரு மறுப்பு. இது நியாயமான மறுப்பு. நாமும் அவ்வறுமையை அறிவோம். ஆயினும் ஆராய வசதியில்லாதவர்க்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. உறுதியில்லாததைச் சொல்லாமல் விடலாம். நூலகம் இல்லாத ஊரிலும் மௌனம் கிடைக்கும். லூக்கா தம் நற்செய்தியின் முகவுரையில், கண்கண்ட சாட்சிகளிடமிருந்து பெற்றதையும், தாம் திட்டமாய் விசாரித்ததையும் குறிக்கிறார். பவுலின் போதனையையே ஆராய்ந்து பார்த்த பெரேயா பட்டணத்தார் அதன் பொருட்டுப் பாராட்டப்பட்டனர். பொய்ச்சாட்சிக்கு எதிரான கட்டளையோ, நல்ல நோக்கத்தோடு சொல்லும் பொய்ச்சாட்சிக்கு விலக்களிக்கவில்லை.

அப்பெரியவர்க்கு நாம் கடன்பட்டிருந்தோம். சில வாரங்களுக்குப் பின் அதே இல்லத்தில் மீண்டும் கூட்டம் கூடியபோது, முன்பு சொன்னது பிழையென்றும் அதன் காரணம் இன்னதென்றும் அனைவர் முன்னும் அறிக்கையிட்டோம். சபையாருள் சிலர் முகம் வாடினர். ஊழியர் தம் பிழையை வெளியில் சொல்லலாமோ என்று பின்னர் ஒருவர் வருந்தினார். பெரியவரோ எதுவும் கூறவில்லை. அடுத்த மாதக் கூட்டத்திற்குத் தம் பேரனையும் உடன் அழைத்து வந்திருந்தார். அன்று நாம் லூக்காவின் முதல் அதிகாரத்தை விளக்கினோம். வேறு எந்த நூலையும் துணைக்கு அழைக்கவில்லை.